ஜே.சி.யில் பட்ட பாடு பல்கலைக்கழகத்தில் கைகொடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களின் ஓ லெவல் முடிவு வரும் அன்று மாலையே என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஏ லெவல் முடிவு வரும்போது இன்னொரு சுற்று. பல ஆண்டுகள் சிங்கப்பூரில் ஜே.சி. எனப்படும் தொடக்கக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்காருவேன். காசு வாங்குவதில்லை, காபி வாங்கிக்கொடுத்தால் குடிப்பேன். பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடினமான பாடத்திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சிங்கப்பூரில் 17, 18 வயதுப் பிள்ளைகள் படிப்பவற்றில் மூன்றைத்தான் பெரும்பாலோர் இப்படிச் சொல்வார்கள். முதலாவது தொடக்கக் கல்லூரியின் ஏ லெவல். 2006இல் வந்த எச்1, எச்2, எச்3 என்ற பிரிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது: எச்2 முழுப் பாடம், எச்1 அதில் பாதி, எச்3 அதற்கும் மேலே ஆழமானது. வழக்கமாக மூன்று எச்2, ஓர் எச்1, அதற்கு மேல் ஜி.பி. எனப்படும் பொதுத்தாள், புரோஜெக்ட் ஒர்க், தாய்மொழி. இரண்டாவது ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற அனைத்துலக டிப்ளோமா. மூன்றாவது, என்.யூ.எஸ். எனப்படும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரில் 2005இல் தொடங்கிய என்.யூ.எஸ். ஹை பள்ளி; அங்கே ஓ லெவலும் கிடையாது, ஏ லெவலும் கிடையாது, பள்ளி தன் சொந்த டிப்ளோமாவையே தருகிறது.

பாலிடெக்னிக்கை இந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் மனம் வராது. நான் சேர்ப்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாடம் எத்தனை கிலோ என்பதை வைத்து நான் கடினத்தை அளப்பதில்லை. விடை தெரியாமல் பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, எழுதியதை யாராவது படித்துச் சிவப்பு மையால் கேள்வி கேட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பேன்.

இதனால் பல்கலைக்கழகத்தில் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

அமெரிக்காவில் இதைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1999இல் அந்நாட்டுக் கல்வித் துறை வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பத்தாம் வகுப்பிலிருந்து முப்பது வயதை நெருங்கும்வரை தொடர்ந்து கவனித்த தரவுகளை வைத்து எழுதப்பட்டது. பட்டம் முடிப்பார்களா மாட்டார்களா என்பதை முன்கூட்டிக் காட்டியதில், பள்ளியில் எடுத்த பாடங்களின் ஆழமும் தரமும் தேர்வு மதிப்பெண்ணையும் வகுப்பில் பெற்ற இடத்தையும் முந்தியது. அதிலும் கணிதம்தான் முன்னே நின்றது. அங்கே 'அல்ஜிப்ரா 2' என்பதற்கு மேல் ஒரு பாடமாவது முடித்த மாணவர்கள், கல்லூரியில் சேர்ந்த பின் பட்டத்தோடு வெளியே வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

கணித ஆசிரியனான எனக்கு இதைப் படித்தால் காலர் தூக்கத்தான் தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடினமான பாடத்தை எடுக்கும் பிள்ளை யார்? ஏற்கெனவே ஆர்வம் உள்ளவன், வீட்டில் படிக்க இடம் உள்ளவன், நல்ல ஆசிரியர் கிடைத்தவன். அவன் பின்னால் வெற்றி பெற்றால் அதில் பாடத்தின் பங்கு எவ்வளவு, அவனுடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. பாடங்களைப் பற்றியும் இதே வாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆகவே எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் நான்கு எச்2இல் தள்ளிவிட்டால் தானாகத் தேறிவிடுவான் என்று அந்த ஆய்விலிருந்து முடிவு கட்டக் கூடாது.

சரி, ஜே.சி.யில் படித்த பிள்ளைக்கு அப்படி என்னதான் கூடுதலாகக் கிடைக்கிறது?

முதலில் வகுப்பின் அமைப்பு. உயர்நிலைப் பள்ளியில் நாற்பது பேர் வகுப்பு, ஆசிரியர் முகம் பார்த்துப் பாடம் நடத்துவார். ஜே.சி.யில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் லெக்சர் தியேட்டர். அங்கே புரியாதது புரியாமலே கடந்து போய்விடும். அடுத்த டியூட்டோரியலுக்குள் கணக்குகளைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். போகாதவன் சும்மா உட்கார்ந்திருப்பான். பல்கலைக்கழகத்தின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். இந்தப் பழக்கம் இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடுவது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜே.சி.யின் லெக்சர் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். நடுநடுவே கோடிட்ட இடம் விட்டிருப்பார்கள். ஆசிரியர் திரையில் காட்டக் காட்டப் பிள்ளைகள் அதை நிரப்புவார்கள். நிரப்பிய தாளே அவர்களுக்கு வேதம். பல்கலைக்கழகத்தில் கோடிட்ட இடமும் இல்லை, நிரப்பிக் காட்ட ஆளும் இல்லை. "நான்காம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும். நான்காம் அத்தியாயம் அறுபது பக்கம் இருக்கும். அந்த அறுபது பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவனுக்கு முதல் பருவம் ஓடிவிடும்.

அடுத்தது ஜி.பி. நம் வீடுகளில் இதற்கு மரியாதையே இல்லை. "ஆங்கிலம்தானே, பார்த்துக்கலாம்" என்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை. பிறகு இன்னொரு தாள். அதில் கடைசியாக ஏ.கியூ. என்றொரு கேள்வி. கட்டுரையாளர் சொல்லும் கருத்து உன் சமுதாயத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்பார்கள். அதற்கு ஒப்பித்து வைத்த பதில் உதவாது. கட்டுரையாளர் சொன்னதில் எதை ஏற்கிறாய், எதை மறுக்கிறாய், ஏன் என்று சொந்தமாக எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பவன்கூட ஏதாவது ஒரு பாடத்துக்கு இப்படித்தான் எழுதியாக வேண்டும். என்னிடம் படித்துப் போனவர்கள் திரும்பி வந்து பேசும்போது, "எதெல்லாம் உதவிச்சு?" என்று கேட்பேன். கணிதம் என்று சொல்வார்கள் என எதிர்பார்ப்பேன். ஜி.பி. என்பார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, கேட்டுப் பெறுவது. ஜே.சி.யில் 'கன்சல்ட்' என்றொரு வழக்கம் உண்டு. பள்ளி முடிந்ததும் ஆசிரியர்கள் அறைக்கு வெளியே உள்ள மேசைகளில் பிள்ளைகள் தாளும் பேனாவுமாகக் காத்திருப்பார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளில் பலர், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், "சாருக்குத் தொந்தரவாக இருக்குமே" என்று தயங்கித் தயங்கி வரிசையில் நிற்கவே மாட்டார்கள். தயக்கத்தை ஜே.சி.யிலேயே உதறிவிட்டால் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டக் கை கூசாது.

அப்படியானால் டியூஷன் வைத்துக் கடினத்தைச் சமாளித்துவிடலாமே?

இந்தக் கேள்விக்கு என் பதில் பல பேருக்குப் பிடிக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் தன் கோப்பைக் கல்மேசையில் வைத்தான். பெயர் பெற்ற ஒரு டியூஷன் நிலையத்தின் கோப்பு, மூன்று விரல் தடிமன். திறந்தால், ஒவ்வொரு அத்தியாயத்திலும் கணக்குகளை ரகம் பிரித்திருந்தார்கள். சிக்கலெண்களில் மட்டும் பதினான்கு ரகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத்தாள், அதில் படிப்படியாகச் செய்முறை. பையன் பத்தாண்டுக் கேள்வித்தாள் தொகுப்பை இரண்டு முறை முடித்திருந்தான். ஏ லெவலில் எச்2 கணிதத்துக்கு ஏ வாங்கினான். நான் கைகுலுக்கி வாழ்த்தினேன்.

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்தின் ஐந்தாவது வாரம் மறுபடியும் வந்தான். ஒரு தொடர் ஒருங்குகிறது என்று நிறுவச் சொல்லியிருக்கிறார்கள். தாள் வெறுமையாக இருந்தது. "எந்த டைப்புன்னே தெரியல சார்" என்றான். அன்று அவனோடு முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தேன். அவன் எதையாவது எழுதுவான், அடிப்பான், என் முகத்தைப் பார்ப்பான், நான் காபியைப் பார்ப்பேன். நாற்பதாவது நிமிடம் சின்ன எண்களைப் போட்டுப் பார்க்கலாமா என்று அவனே கேட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். அந்த நாற்பது நிமிடம் அவனுக்கு ஜே.சி.யிலேயே கிடைத்திருக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக வேறு யாரோ அதைச் செலவழித்து வண்ணத்தாள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

டியூஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடித்தளம் ஆடுகிறது, உயர்நிலை மூன்றின் இயற்கணிதமே வரவில்லை என்றால் கட்டாயம் உதவி தேவை. கைக்கு அடக்கமான கட்டணத்தில் வேண்டுமென்றால் இந்தியச் சமூகத்துக்காக 1991இல் தொடங்கப்பட்ட சுயஉதவி அமைப்பான சிண்டாவிடம் முதலில் கேளுங்கள். துணைப்பாட வகுப்புகளும் உண்டு, வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் டியூஷன் ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: என் பிள்ளை ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் எத்தனை நிமிடம் கழித்து நீங்கள் பேசுவீர்கள்? "உடனே விளக்கிடுவேன் மேடம்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஒருங்கிணைந்த திட்டத்தில் ஓ லெவலே இல்லை என்கிறார்கள். அது நல்லதா?

2004இல் வந்த திட்டம் இது. ராஃபிள்ஸ், ஹுவா சோங் போன்ற பள்ளிகளில் ஆறு ஆண்டு ஒரே ஓட்டமாகப் படித்து நேராக ஏ லெவலோ ஐபியோ எழுதலாம். நடுவில் ஒரு தேர்வு குறைவதால் ஆய்வுத் திட்டம், நாடகம், போட்டி என்று விரிந்து படிக்க நேரம் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் நான்கு ஆண்டு பெரிய தேர்வு எதையும் பார்க்காமல் வரும் சில பிள்ளைகள் ஜே.சி. முதலாண்டுக் கடைசியில் வரும் புரோமோஸ் என்ற வகுப்பேற்றத் தேர்வில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஓ லெவல் எழுதி வந்தவர்கள் அடிபட்டு வந்தவர்கள். எங்கே வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருங்கிணைந்த திட்டத்துப் பிள்ளை வீட்டில் இருந்தால் உயர்நிலை நான்கிலேயே ஒரு முழுத் தாளை மணி வைத்து எழுதச் சொல்லிப் பாருங்கள்.

ஏ லெவலா, ஐபியா?

ஐபியில் ஆறு பாடம். வழக்கமாக மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். ஹையர் லெவல் பாடத்துக்கு 240 மணி நேரம், மற்றதற்கு 150. ஒவ்வொன்றுக்கும் 7 என 42 புள்ளி, அதன்மேல் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் 4,000 சொல் வரை எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. தொண்டு, விளையாட்டு, கலை ஆகியவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்த 4,000 சொல் கட்டுரைதான் எனக்கு ஐபியில் பிடித்த பகுதி. தலைப்பைத் தானே தேர்ந்து, தானே தேடி, எதை எங்கிருந்து எடுத்தோம் என்று முறையாகக் குறிப்பிட்டு எழுதி முடித்தவனுக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வுக் கட்டுரை புதுசாகத் தெரியாது. ஏ லெவலில் இதற்கு இணையாகக் கட்டாயப் பகுதி எதுவும் இல்லை. அதே நேரத்தில் ஒரே பாடத்தில் ஆழமாக இறங்க வேண்டுமென்றால் ஏ லெவலின் எச்2 கணிதமும், 2016இல் மறுபடியும் கொண்டுவந்த ஃபர்தர் மேத்தமாட்டிக்ஸும் நல்ல தீனி. எழுதப் பிடித்த பிள்ளைக்கு ஐபி, ஒரு கணக்கோடு மல்லுக்கட்டப் பிடித்த பிள்ளைக்கு ஏ லெவல் என்று குத்துமதிப்பாகச் சொல்வேன்.

உண்மையில் பெரும்பாலான வீடுகளில் இந்தத் தேர்வே எழாது. உள்ளூர்ப் பள்ளிகளில் ஏ.சி.எஸ். இண்டிபெண்டன்ட், செயிண்ட் ஜோசப்ஸ், கலைப் பள்ளியான சோட்டா என்று கையளவு இடங்களில்தான் ஐபி இருக்கிறது.

நான்காவது எச்2, எச்3 எல்லாம் எடுத்தால் பல்கலைக்கழகத்தில் மதிப்பு கூடுமா?

புள்ளிக்காக என்றால் வேண்டாம். முன்பு 90 புள்ளிக்குக் கணக்கிட்டார்கள். 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து அது 70. மூன்று எச்2க்கு 60, ஜி.பி.க்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் உங்கள் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேரும், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். புரோஜெக்ட் ஒர்க்கில் இப்போது தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். எச்3 இந்த 70இல் வராது.

இந்த மாற்றம் நல்ல மாற்றம் என்பது என் கருத்து. நான்காவது பாடத்தில் சி வந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் தனக்குப் பிடித்ததை விட்டுவிட்டு 'பாதுகாப்பான' பாடத்தை எடுத்த காலம் ஒன்று இருந்தது. இனி பயமில்லாமல் இலக்கியமோ வரலாறோ எடுக்கலாம். எடுப்பார்களா என்பது வேறு கதை. என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இன்னும் இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளியல் என்ற அதே கூட்டணிதான்.

எச்3 பற்றி ஒரு வார்த்தை. அதில் பிள்ளை ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் வாழ வேண்டியிருக்கும். யாரும் சொல்லாமலே அந்தத் தலைப்பை இரவில் தேடிப் படிக்கிற பிள்ளைக்கு அது விருந்து. விண்ணப்பத்தில் அழகாக இருக்குமே என்று எடுத்தவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

பாலிடெக்னிக் போனால் பல்கலைக்கழகத்துக்குத் தயாராக முடியாதா?

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள், அதுவே எனக்குக் கோபம். ஐந்து பாலிடெக்னிக்கிலும் மூன்று ஆண்டு டிப்ளோமா. அங்கே ஒரே பெரிய தேர்வு வந்து தலைவிதியை எழுதாது. வாரா வாரம் அறிக்கை, ஆய்வுக்கூடம், குழுவேலை, விளக்கக்காட்சி, வேலையிடப் பயிற்சி. பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் பெரும்பாலும் இப்படித்தான் சேர்கிறது. குழுவில் வேலை செய்யாதவனை எப்படிக் கையாள்வது என்பதைப் பாலிடெக்னிக் பிள்ளை மூன்று ஆண்டாகப் படித்து வருகிறான். ஜே.சி. பிள்ளைக்கு அந்தப் பாடம் குறைவு. தொடர்புடைய பட்டப்படிப்பில் சேர்ந்தால் சில பாடங்களிலிருந்து விலக்கும் கிடைக்கும்.

ஓட்டை எங்கே என்றால் கணிதத்தில். பொறியியலுக்கோ கணினிக்கோ போகிறவர்கள் எச்2 கணிதம் படித்தவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும். எச்2 கணிதம் இல்லாதவர்களுக்கென்றே என்.யூ.எஸ்.ஸில் ஓர் இணைப்புப் பாடம் இருக்கிறது என்றால் நிலைமை புரியும். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலிருந்தே எச்2 கணிதப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகமாகக் கிடைக்கும்.

பையன் தேசிய சேவைக்குப் போய் வந்தால் படித்ததெல்லாம் மறந்துவிடாதா?

மறந்துவிடும். இதைப் பூசி மெழுக முடியாது. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. என் மகன் ஏ லெவலில் கணிதத்தைக் கரைத்துக் குடித்தவன். சேவை முடியப்போகும் நேரத்தில் ஓர் எளிய தொகையீட்டுக் கணக்கைக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா, இந்த நீளமான எஸ் என்னது?" என்றான். வேடிக்கைக்குத்தான் கேட்டான் என்று நினைத்தேன், பாதி வேடிக்கைதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வகைமாதிரி மனப்பாடம் செய்தவர்களுக்குப் போனது போனதுதான். ஏன் என்று புரிந்து படித்தவர்களுக்கு மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. என் மகனுக்கு நான்கு வாரம் ஆனது, அவன் என் பேச்சைக் கேட்காதவன். ஆகவே சேவை முடியும் கடைசி மூன்று மாதத்தில் வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் போதும். இரண்டு ஆண்டும் படித்துக்கொண்டே இரு என்று நச்சரிக்காதீர்கள். முகாமிலிருந்து வரும் பையனுக்குத் தூக்கமும் அம்மா சமையலும்தான் தேவை.

இவ்வளவு சுமையில் தமிழையும் எச்2 எடுக்கலாமா?

எடுக்கலாம், விருப்பம் இருந்தால். எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் சுலபமாகப் புள்ளி வாங்கும் பாடம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். சங்கப் பாடல் ஒன்றை எடுத்து, சொல்லுக்குச் சொல் பிரித்து, யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்று எழுதுவது ஒரு கணித நிறுவலுக்குக் குறைந்ததில்லை. இந்தப் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி இங்கே சட்டம் படிக்கப் போனாள். ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது வரிக்குள் ஒளிந்திருப்பதைத் தேடும் பழக்கம் குறுந்தொகையிலிருந்து வந்தது என்று சொன்னாள். கல்மேசையில் அன்று காபிக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஓ லெவலில் உயர்தமிழ் எழுதித் தேறியவர்களுக்கு ஜே.சி.யில் எச்1 தமிழ் கட்டாயமில்லை. பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலைப் பிள்ளைகளுக்கு பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. மேலே தொடர விரும்பினால் எஸ்.யூ.எஸ்.எஸ். எனப்படும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பே இருக்கிறது.

சி.பி.எஸ்.இ. எனப்படும் இந்திய மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் இங்கே படிக்கும் பிள்ளைகள்?

இயற்பியல், கணிதத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. நான் பார்த்தவரை தடுக்கி விழும் இடம் நீண்ட ஆங்கிலக் கட்டுரை, முடிவு ஒன்றென்று இல்லாத கேள்வி. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பழைய ஜி.பி. கேள்விகளில் மாதம் இரண்டு எழுதிப் பழகினால் நல்லது. படித்துத் திருத்தித் தர ஓர் ஆள் வேண்டும், அதுதான் முக்கியம்.

பிள்ளை தாக்குப்பிடிக்காமல் தவிக்கிறான். தொடரச் சொல்வதா, விடச் சொல்வதா?

எச்2 பாடம் ஒன்றை எச்1ஆகக் குறைப்பது ஒன்றும் தோல்வியில்லை. புரோமோஸுக்குப் பிறகு பலர் செய்வதுதான். முதலாண்டை மறுபடி படிக்கச் சொன்னாலும் வானம் இடிந்துவிடாது. என் வகுப்பில் அப்படி 'ரிடெய்ன்' ஆன சிலர் பின்னால் நிதானமாக நன்றாக வந்தார்கள். ஜே.சி.யை விட்டு பாலிடெக்னிக் போய் மலர்ந்தவர்களும் உண்டு.

களைப்பு வேறு, முடங்கிப்போவது வேறு. களைத்தவன் சனிக்கிழமை தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டுச் சுருண்டு கிடந்தால் புள்ளிக் கணக்கை மூடி வையுங்கள். பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். இரவு நேரத்தில் மனம் உடைந்து பேச ஆள் தேவைப்பட்டால் எஸ்.ஓ.எஸ். எனப்படும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அக்கம்பக்கத்தில் யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்கிற நேரமில்லை அது.

பல்கலைக்கழக முதல் பருவத்தில் புள்ளி சரிந்துவிட்டதே, ஜே.சி. படிப்பு வீணா?

இல்லை. ஜே.சி.யில் முதல் பத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் யாராவது கடைசியில் இருந்தாக வேண்டும் அல்லவா? இந்த அதிர்ச்சி தெரிந்துதான் என்.யூ.எஸ். 2014இல் முதல் பருவத்துக்குத் தரப்புள்ளி இல்லாத முறையைக் கொண்டுவந்தது. சில பாடங்களின் தரத்தைச் சராசரியில் சேர்க்காமல் தேர்ச்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் இதைச் சுலபமான பாடத்தில் வீணாக்காமல், எட்டாத ஒரு பாடத்தை எட்டிப் பார்க்கப் பயன்படுத்த வேண்டும்.

எங்களுக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியாது. வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஒரு டாக்சி ஓட்டுநர் என்னிடம் இதைக் கேட்டார். அவர் உயர்நிலை இரண்டோடு நிறுத்தியவர். மகள் ஜே.சி. முதலாண்டு. இரவுப் பணி முடிந்து வந்ததும் மகள் எழுந்திருக்கும் நேரம் இவர் தூங்கப் போகும் நேரம். நடுவில் இருபது நிமிடம் கிடைக்கும். "நேத்து எதுல மாட்டிக்கிட்டே, எனக்குச் சொல்லு" என்று கேட்கச் சொன்னேன். அவருக்குப் புரிய வேண்டியதில்லை என்பதையும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார். மகள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே வேதிச் சமநிலையை விளக்குவாளாம். கறுப்புக் காபியில் சீனி கரைவதை வைத்து விளக்கப் போய், பாதியில் "இருங்கப்பா, நான் தப்பாச் சொல்றேன்" என்று நிறுத்திவிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடினாளாம். இட்லி ஆறிப்போச்சு சார் என்றார்.